அம்மா மண்டபத்தில் காத்திருந்த நாள்

நம் பள்ளி மாணவிகளை வெளியே அழைத்துப் போகும் பொறுப்பு, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சில வருடங்கள் அதை நான் பார்த்துக்கொண்டேன். இப்போது வேலையில் இல்லை. என் மகளுக்கு அடிக்கடி மூச்சிரைப்பு வரும். வீட்டில் யாராவது ஒருவர் இருக்க வேண்டியிருந்தது, நான் இருந்துவிட்டேன். இந்த வயதிலேயே ரிடையர் ஆனவள் என்று என் கணவர் கேலி செய்வார். அதனால் பெரிய அனுபவசாலி என்ற நினைப்பில் இதை எழுதவில்லை. ஒரு நாளைப் பற்றி மட்டும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அன்று நான் எடுத்த முடிவு சரிதானா என்று இன்றுவரை எனக்கே உறுதியில்லை.

நாம் செய்வதற்குப் பள்ளியில் 'நிதானப் பயணம்' என்று பெயர். வழக்கமான சுற்றுலாவில் பிள்ளைகள் பஸ்ஸில் ஏறுவார்கள், ஒரே நாளில் நாலு ஊர் பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், வாந்தி எடுப்பார்கள், வீட்டுக்கு வருவார்கள். நம்முடையது ஒரு நாளுக்கு ஒரே இடம். திருச்சி கே.கே. நகரிலிருந்து டவுன் பஸ்ஸில்தான் போவோம். விருப்பப்பட்ட பெற்றோரும் உடன் வரலாம், ஆசிரியர்களும் வீட்டாரை அழைத்து வரலாம். போய்ச் சேர்ந்ததும் முதலில் ஓர் இடத்தில் உட்கார்ந்து பேசாமல் பார்க்க வேண்டும். எதைப் பார்க்க வேண்டும் என்று நாம் சொல்லக் கூடாது. இதெல்லாம் உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள்.

ஓர் ஆவணி மாதத்தில் எட்டாம் வகுப்புப் பெண்களை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப் போனேன். காலையில் காவேரிப் படித்துறையான அம்மா மண்டபம், பிறகு நடந்தே கோயில் என்று திட்டம். காவேரியில் தண்ணீர் நிறைய ஓடியது. எதிர்க்கரையில் மலைக்கோட்டை தெரியும். பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்க அதைவிட நல்ல இடம் எது என்று நினைத்தேன். அங்கே தர்ப்பணமும் அஸ்தி கரைப்பதும் நடக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தினம் நடப்பதுதானே, பிள்ளைகளும் பார்க்கட்டும் என்றுகூட நினைத்தேன். என்னோடு வரும் பெண்களில் யாருக்காவது அந்தப் படித்துறையில் ஒரு கணக்கு இருக்குமா என்று மட்டும் யோசிக்கவில்லை. நீங்கள் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்த இடத்துக்கும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் என்ன தொடர்பு என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நேரமாகும்தான். ஆனாலும் விசாரியுங்கள்.

என் கவலையெல்லாம் தண்ணீரைப் பற்றி. எந்தப் படி நனைந்திருக்கிறதோ அதற்கு மேல்தான் நிற்க வேண்டும், கால் நனைப்பதுகூடக் கூடாது என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டேன். என் கணவரும் நாலு வயது மகள் யாழினியும் வந்திருந்தார்கள். அவள் கையை ஒரு நிமிஷம்கூட விடாதீர்கள் என்று அவரிடமும் சொல்லியிருந்தேன். பெண்கள் படிகளில் பரவலாக உட்கார்ந்தார்கள். நான் அவர்களை எண்ணிக்கொண்டே இருந்தேன். எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன்.

ஒரு முறை எண்ணியபோது ஒருத்தி குறைந்தாள்.

அந்த நேரத்தில் உடம்பு என்ன பாடுபடும் என்பதை நீங்களே ஒருநாள் தெரிந்துகொள்வீர்கள். தெரியாமலே போனால் நல்லது. பவித்ராவைக் காணோம். கீழே ஓடினேன். ஈரப்படியில், தலை மழித்த ஒருவர் வெள்ளைத் துணி கட்டிய மண் கலயத்தோடு இறங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய வீட்டு ஆண்கள். அவர்களுக்கு நடுவில் நம் பள்ளிச் சீருடையில் பவித்ரா, அந்தக் கலயத்தையே பார்த்துக்கொண்டு.

"பாப்பா, தள்ளி நில்லும்மா. இங்கெல்லாம் வரக் கூடாது" என்று சாஸ்திரிகள் சொல்லிக்கொண்டிருந்தார்.

கையைப் பிடித்து மேலே இழுத்து வந்தேன். திட்டுவதற்கு வாயெடுக்கும் முன்பே அவள் கேட்டாள்.

"மிஸ், எங்கம்மாவையும் இங்கதான் கரைச்சாங்க. எந்தப் படின்னு தெரியுமா உங்களுக்கு?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

பயத்தில் அப்படித்தான் வாயில் வந்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"அப்ப அப்பாவுக்கு போன் போட்டுக் கேளுங்க மிஸ். நான் கேட்டா பேச்சை மாத்திடுவாரு."

"என்ன சொல்லுவாரு?"

"அம்மா காவேரியோட கடலுக்குப் போயிட்டாங்கம்பாரு. அவ்ளோதான்."

பவித்ராவின் அம்மா சில வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதத்தில், திருச்சியில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பா துறையூரைத் தாண்டி உப்பிலியபுரத்தில் விவசாயம் பார்க்கிறார். இவள் கே.கே. நகரில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். பெண் பிள்ளைகளைச் சுடுகாட்டுக்கும் அழைத்துப் போக மாட்டார்கள், அஸ்தி கரைக்கவும் அழைத்துப் போக மாட்டார்கள். எரித்த அன்றும் கரைத்த அன்றும் இவள் அத்தை வீட்டில் டி.வி. முன்னால் உட்கார வைக்கப்பட்டிருந்தாள். அண்ணன் தம்பி இருந்தால் அவர்களாவது வந்து சொல்லியிருப்பார்கள். அவளுக்கு யாரும் இல்லை.

கொஞ்சம் தள்ளிப் போய் அவருக்கு போன் செய்தேன். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க டீச்சர். பாப்பாவுக்கு என்னங்க?"

"ஒண்ணுமில்லைங்க, நல்லா இருக்கா. பிள்ளைங்களை அம்மா மண்டபத்துக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம்."

"அங்கயா கூட்டிட்டுப் போனீங்க?" என்றார். பிறகு, "கேட்டுட்டாளா?" என்றார்.

"எந்தப் படின்னு கேக்கறா. சொல்லுங்க, நான் காட்டிடறேன்."

மோட்டார் நின்றது. அவர்தான் போய் நிறுத்தியிருக்க வேண்டும்.

"படியெல்லாம் இல்லைங்க டீச்சர். அது சித்திரை வெயிலு. ஆத்துல பொட்டுத் தண்ணி கிடையாது. குழாயடியில தொட்டி மாதிரி வச்சு அதுல கரைக்கச் சொன்னாங்க. எனக்கு மனசு வரல."

"அப்புறம்?"

"அப்புறம் என்னத்தச் சொல்றது? அதெல்லாம் பிள்ளைகிட்ட சொல்ற விஷயமா?" "நீங்க ஏதாச்சும் ஒரு படியைக் காட்டி இதுதான்னு சொல்லிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவளுக்கு என்ன தெரியப் போவுது."

போனை வைத்தேன். மேல்படியிலிருந்து பவித்ரா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கணவரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், அவசரக்காரரும் இல்லை. "காட்டிடேன். அவங்கப்பாவே சொல்றாரு. அந்தப் பொண்ணு கும்பிட்டுட்டு நிம்மதியாயிடும். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. கை நீட்டினால் போதும். எல்லாப் படியும் ஒன்று போலத்தான் இருந்தது. பிறகு கோயிலுக்குக் கிளம்பிவிடலாம்.

எனக்கு நியாயம் எதுவும் தோன்றவில்லை, பயம்தான் வந்தது. இன்று நான் ஒரு படியைக் காட்டினால், இந்தப் பெண் வருடா வருடம் இங்கே வந்து அந்தப் படியில் பூ வைப்பாள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளைக்கும் காட்டுவாள். பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று நான் கை நீட்டிய இடமாகத்தான் அது இருக்கும். யாழினி அப்போது என் கணவரின் தோளில் தூங்கிப்போயிருந்தாள். நாளைக்கு நான் இல்லாமல் போய், இவள் யாரிடமாவது இதே கேள்வியைக் கேட்டால்? முன்பின் தெரியாத யாரோ ஒருத்தி ஓர் இடத்தைக் காட்டிவிட்டுப் போவாளா? அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை.

மறுபடி போன் செய்தேன். "நீங்களே வந்து காட்டணும்" என்றேன்.

"எனக்கு அங்க வரத் தைரியம் இல்லீங்க. அன்னைக்கு வந்ததோட சரி. வேலையா திருச்சிக்கு வந்தாக்கூட காவேரிப் பாலம் தாண்டுற வரைக்கும் பஸ்ஸுல கண்ணை மூடிக்குவேன்."

"எவ்வளவு நேரமானாலும் நாங்க இங்கயே இருக்கோம்."

அவர் போனை வைத்துவிட்டார்.

பவித்ராவிடம் போனேன். "அப்பாவுக்கு இடம் தெரியும். வந்து காட்டச் சொல்லியிருக்கேன். வருவாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

"வர மாட்டாரு மிஸ்" என்றாள். பிறகு முழங்காலைக் கட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தாள்.

மற்றவர்களை என் கணவரோடு கோயிலுக்கு அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பள்ளி விதிப்படி பொறுப்பாசிரியர் இல்லாமல் பிள்ளைகள் எங்கும் போகக் கூடாது. விதிக்குப் பயந்தேன் என்பதும் உண்மை. பவித்ராவைத் தனியாக விட்டுவிட்டு எல்லோரும் கிளம்பிப் போவதை அவள் பார்க்க வேண்டாம் என்று நினைத்ததும் உண்மை. எது முதலில் தோன்றியது என்று எனக்கு நினைவில்லை. கோயிலுக்கு இப்போது போகவில்லை, பவித்ராவின் அப்பாவுக்காக இங்கேயே காத்திருக்கப் போகிறோம் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

உடன் வந்திருந்த பெற்றோரில் கீர்த்தனாவின் அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"இவ்ளோ தூரம் வந்துட்டு ரெங்கநாதரைப் பார்க்காமத் திரும்பணுமா? வர்றதா அந்த மனுஷன் சொன்னாராங்க?"

"சொல்லலைங்க."

"சொல்லவே இல்லையா? அப்ப யாருக்காகக் காத்திருக்கோம்? கருமம் பண்ற இடத்துல பிள்ளைங்களைப் பொழுதன்னிக்கும் உக்கார வச்சிருக்கீங்க. உங்க நிதானத்துக்கு ஒரு அளவு இல்லையா மிஸ்?"

அவர் கேட்டதையெல்லாம் நானும் எனக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

கொண்டு வந்த புளிசாதத்தை மண்டபத்துக்குள் உட்கார்ந்து பங்கிட்டுச் சாப்பிட்டோம். பவித்ரா வேண்டாமென்று சொல்லிவிட்டாள். பெண்கள் முதலில் குசுகுசுத்தார்கள், பிறகு அவர்களுக்கே உரிய முறையில் சமாளித்தார்கள்.

"மிஸ், இங்க ஒரு குரங்கு என்னையே பார்க்குதுங்க மிஸ்."

"உன் மூஞ்சியைப் பார்த்துட்டு சொந்தக்காரங்கன்னு நினைச்சிருக்கும்டி."

"அப்ப உனக்கு அது நாத்தனார்டி!"

பவித்ராகூட ஒரு தடவை திரும்பிச் சிரித்தாள். பிறகு மறுபடி ஆற்றைப் பார்த்துக்கொண்டாள். சாலையில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் முதுகு நிமிரும். திரும்பிப் பார்க்க மட்டும் மாட்டாள்.

தலைமையாசிரியை போன் செய்தார். சொன்னேன். "சாயங்காலம் கேட்ல பெத்தவங்க வந்து நிப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?" என்றார். கொஞ்சம் தாமதமாகும் என்று சொல்லச் சொன்னேன். அதற்குப் பிறகு பல மாதங்கள் நிதானப் பயணம் நடக்காமல் இருந்ததற்குக் காரணம் அன்றைய தாமதம்தான். உங்களுக்கு வேறு ஏதாவது காரணம் சொல்லியிருந்தால் அது சரியல்ல.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு பஸ்ஸுக்கு மட்டும் பார்க்கலாம் என்று நானே மனதுக்குள் பேரம் பேசத் தொடங்கிய நேரத்தில் அவர் வந்தார். வயலில் இருந்த கோலத்திலேயே கிளம்பியிருந்தார். வேட்டியில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. மண்டபத்தின் கடைசித் தூண்வரை வந்து, அதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பவித்ரா எழுந்து நின்றாள். ஓடிப்போகவில்லை.

"இவ்ளோ தண்ணி ஓடுது" என்றார் அவர், யாரிடமும் இல்லாமல்.

பிறகு படியிறங்கி அவளிடம் வந்தார். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஈரப்படி வரைக்கும் போனார். நான் வகுத்த எல்லை அது. இன்னும் ஒரு படி இறங்கினார்கள், காலை நனைத்துக்கொண்டு நின்றார்கள். நான் தடுக்கவில்லை. ஆனால் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டேன்.

"அங்க கண்ணு" என்று கை நீட்டினார். "நாணல் தெரியுதுல்ல? அதுக்கு இந்தப் பக்கம்."

"ஆத்துக்கு நடுவுலயாப்பா? எப்படிப் போனீங்க?"

"நடந்துதான். அன்னைக்கு ஆறு மணலாக் கிடந்துச்சு. தொட்டியில போட மனசில்லாம, தண்ணி எங்கயாச்சும் இருக்கும்னு கலயத்தைத் தூக்கிட்டு நடந்தேன். கால் கொப்புளிச்சுப் போச்சு. அங்க ஒரு பள்ளத்துல லேசா ஈரம் இருந்துச்சு. அதுலதான் அம்மாவை விட்டேன்."

"தண்ணி எப்ப வந்துச்சு?"

"ஆடியிலதான் வந்துச்சு."

அவள் மனதுக்குள் மாதங்களை அடுக்கிப் பார்த்தாள். உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது.

"அதுவரைக்கும் அம்மா வெயில்லயா கிடந்தாங்க?"

இதைத்தானே இத்தனை வருடம் அவர் சொல்லாமல் வைத்திருந்தார்? ஒரு படியைக் காட்டிவிடுங்கள் என்று கெஞ்சியது இந்தக் கேள்விக்குப் பயந்துதானே? அந்த மனிதரைக் கொண்டுவந்து நிறுத்தி, அவர் மகள் வாயாலேயே அதைக் கேட்க வைத்துவிட்டேனே என்று தோன்றியது. அந்த நிமிஷத்தில் யாராவது கேட்டிருந்தால், நான் செய்தது தப்பு என்றுதான் சொல்லியிருப்பேன்.

"துண்டைப் போட்டு மூடிட்டுத்தான் வந்தேன் கண்ணு" என்றார்.

"காத்துல பறந்துடுமேப்பா."

"நாலு பக்கமும் கல்லு வச்சேன்."

"பெரிய கல்லா?"

"பெரிய கல்லுதான்."

அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அவரும் அழுதார்.

காவேரி மணலில் அவருக்குப் பெரிய கல் எங்கே கிடைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. துண்டு போட்டது நிஜமா, அந்தப் படியில் நின்றபடி அப்போதுதான் அவருக்குத் தோன்றியதா, அதுவும் தெரியவில்லை. நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். கலயத்தைத் தூக்கிக்கொண்டு அந்த மணலில் நடந்தவர் அவர். அவளிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது, எதைச் சேர்த்துக்கொள்வது என்பது அவருடைய பாடு. என் பாடு, அவர் வரும்வரை குறுக்கே எதையும் சொல்லி வைக்காமல் இருப்பது. உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். ஒரு பிள்ளை உங்களிடம் கேட்பதற்கெல்லாம் நீங்களே பதில் வைத்திருக்க வேண்டியதில்லை. பதிலுக்கு உரியவர் வரும்வரை அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்திருக்க முடிந்தால் போதும். அதுவும் எப்போதும் சரியாக முடியும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

கிளம்ப நேரமாகிவிட்டது. பிள்ளைகள் பைகளை எடுத்துக்கொண்டார்கள். பவித்ராவின் அப்பா ஆற்றைப் பார்த்து ஒரு முறை கும்பிட்டார். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பி, பின்னால் பார்க்காமல் படியேறினார். நம் ஊர்ப் பக்கம் சாவு வீட்டிலும் கருமம் செய்யும் இடத்திலும் விடைபெறும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்வதில்லை. அங்கிருந்து இன்னொரு சாவுக்கு வழி சொன்னது போல ஆகிவிடும் என்று பயம். அப்படிப்பட்ட இடங்களுக்குப் பெரியவர்களோடு போய்ப் போய்த் தெரிந்துகொள்வது அது. பவித்ராவை யாரும் எங்கும் அழைத்துப் போனதில்லை.

பாதிப் படி ஏறியவள் திரும்பினாள். நாணல் இருந்த திசையைப் பார்த்து, தினமும் ஸ்கூலுக்குக் கிளம்பும் பெண் வாசலில் நின்று சொல்வது போல, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"போயிட்டு வரேம்மா."

கீர்த்தனாவின் அம்மா பதறிப்போய் அவளைத் திருத்த வாயெடுத்தார். பிறகு தன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.